மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து என்ன எழுதிக் கொடுப்பது?

மேடவாக்கத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடைப்பட்ட பகுதியில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மூன்றாவது முழுமைத் திட்டம் தொடர்பாக நமது கோரிக்கைகளை எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டத்துக்குத் தாமதமாகப் போன குற்றத்துக்கு, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

முதல் முழுமைத் திட்டம் 1976இலும் இரண்டாவது 2008 செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. இரண்டாவது திட்டத்தின் காலம் 2026 வரை. அந்தத் திட்டம் வந்தபோது பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய பரப்பில் எங்கள் நான்கு தெருக்கள் யார் கண்ணில் படப்போகின்றன என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கூட்டத்தில் ஆளுக்கொன்றாகச் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டு வந்தேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வீடு, மருத்துவம், வேலை, சாலை என்ற நான்கிலேயே அடங்கிவிடுகின்றன. வயலும் தோப்புமாக இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் தண்ணீர் இன்னமும் லாரியில் வருகிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை, ஆனால் இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கையில் பணமில்லாதவர் நடந்து போகும் தூரத்தில் ஒன்றுமில்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இங்குள்ள பிள்ளைகள் பலர் வேலைக்குக் கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் போகிறார்கள். காலை எட்டரை மணிக்கு எங்கள் தெருமுனையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையைத் தொடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

இவற்றில் முழுமைத் திட்டத்தால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்காகப் பெரும்பாக்கத்தில் கட்டியதைப் போன்ற மறுகுடியமர்வு அடுக்ககங்களை இனி நம் பக்கம் கட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கும்படி சிலர் வற்புறுத்துகிறார்கள். அந்த வரியை எழுத என் கை வரவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரமும் போதவில்லை.

பழைய வரைவாளர் எழுதியது:

நகரமைப்புத் துறையில் வரைவாளராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் வேலையாக, உங்கள் தாளில் உள்ள முப்பத்தேழில் முப்பதை அடித்துவிடுங்கள். தெருவிளக்கையும் குப்பையையும் இந்தத் திட்டத்தில் எழுதினால், படிக்கும் அலுவலர் உங்கள் மனுவை உள்ளாட்சி அமைப்புக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை முடித்துவிடுவார். அதோடு சேர்ந்து நல்ல கோரிக்கைகளும் போய்விடும்.

முழுமைத் திட்டம் என்பது அடிப்படையில் நிலத்தைப் பற்றிய ஆவணம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அது வெளியாகிறது. எந்தச் சர்வே எண்ணில் குடியிருப்பு, எதில் வணிகம், எதில் தொழிற்சாலை, எது விவசாய நிலமாகவே இருக்க வேண்டும், எந்தச் சாலை எத்தனை அடி அகலமாக வேண்டும் என்பதை அது சொல்லும். திட்டம் ஒப்புதல் பெற்றபின் அந்த உபயோகத்துக்கு மாறாக நீங்களோ நானோ கட்ட முடியாது. திட்ட அனுமதி கிடைக்காது. ஆனால் இதே திட்டத்தில் ‘இப்பகுதிக்கு மருத்துவமனை தேவை’ என்று எழுதியிருந்தால், அதை எந்த ஆண்டில் யார் பணத்தில் கட்டுவது என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கட்டுப்படுத்தும் வலிமை அந்த வரிக்குக் கிடையாது. தனியாருக்குச் சட்டமாகவும் அரசுத் துறைகளுக்கு யோசனையாகவும் இருக்கும் ஒரு ஆவணத்தை நான் வேலைக் காலம் முழுவதும் வரைந்துகொண்டிருந்தேன். வீடுகள் வேகமாக வருவதற்கும் மற்றவை வராமலே இருப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வுதான் பாதிக் காரணம் என்பது என் கருத்து.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் ஒரு சாலையை அறுபது அடியாக வரைந்துவிட்டால், அன்றைக்கே அது அறுபது அடியாகிவிடாது. அந்தச் சாலையில் யாராவது புதிதாகக் கட்ட அனுமதி கேட்டு வரும்போது, விரிவாக்கத்துக்குத் தேவையான கீற்றைத் தானப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதனால் புதிய கட்டடங்கள் உள்ளே தள்ளியும் பழைய வீடுகள் சாலையை ஒட்டியும் நிற்கும். பல் விழுந்த வாயைப் போல முன்னும் பின்னுமாக இருக்கும் சாலைகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். உள்வாங்கிய பகுதிகளில் டீக்கடையும் நிறுத்திய வண்டிகளும் இருக்கும், போக்குவரத்து பழைய அகலத்திலேயே போகும். எஞ்சிய பழைய வீடுகளுக்கு இழப்பீடு கொடுத்து நிலம் எடுத்தால்தான் சாலை சாலையாகும். அதற்கு நெடுஞ்சாலைத் துறையின் நிதி வேண்டும், அது முழுமைத் திட்டத்தின் கையில் இல்லை.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. தனியார் பட்டா நிலத்தைப் பொது உபயோகத்துக்கென்று திட்டத்தில் குறித்துவிட்டு, அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் அதைக் கையகப்படுத்தும் பிரகடனத்தை வெளியிடாமலும் பேசி வாங்காமலும் இருந்தால், அந்த ஒதுக்கீடு நீங்கிவிட்டதாகச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. நில உரிமையாளர் பக்கம் இது நியாயமான பிரிவுதான். ஒருவருடைய நிலத்தை வண்ணம் பூசிக் காலமெல்லாம் முடக்கிவைக்க முடியாது. ஆனால் ‘பூங்கா’ என்று வரைபடத்தில் பச்சையாக இருந்த இடங்கள் அடுக்ககங்களாக மாறியதற்கு இந்த வழி பல ஊர்களில் பயன்பட்டிருக்கிறது. ஆகவே, பொது வசதிக்கு நீங்கள் காட்டும் இடம் அரசு நிலமாக இருப்பதே பாதுகாப்பு. உங்கள் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எது புறம்போக்கு, எந்த வகைப் புறம்போக்கு என்று அதில் இருக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளை மட்டும் தொடாதீர்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்காக ஏரிக்குள் மருத்துவமனை கேட்பது நமக்கே நாம் வைத்துக்கொள்ளும் வெள்ளம்.

இரண்டாவது வழி, திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அல்லது வளர்ச்சியில் பத்து விழுக்காடு பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே தானமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியில் இதுவரை தானமாகப் பெற்ற இடங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்கள் வேலிகூட இல்லாமல் கிடக்கும். சில இடங்களில் அடுக்ககத்தாரே கேட் போட்டுப் பூட்டியிருப்பார்கள்.

பணம் பற்றியும் ஒரு சொல். பெரிய கட்டடம் கட்டுவோரிடமிருந்து உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று ஒரு தொகை வசூலிக்கப்படுகிறது. அது மாநில அளவிலான நிதியில் சேர்ந்து, குழு ஒன்றின் ஒப்புதலோடு திட்டங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. உங்கள் தெருவில் எழுந்த கட்டடத்தின் கட்டணம் உங்கள் தெருவுக்கே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதில் ஒரு பங்கு வசூலான உள்ளாட்சிக்கே திரும்ப வேண்டும் என்று கேட்பது நியாயமான, நேரடியான கோரிக்கை.

வேலையைப் பொறுத்தவரை பழைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் முழுமைத் திட்டத்தின் காலத்தில் துணை நகரமாக மறைமலை நகரை உருவாக்கினார்கள். மனை இருந்தது, சாலை இருந்தது, ரயில் இருந்தது, ஆள் வரவில்லை. தொண்ணூறுகளில் கார்த் தொழிற்சாலையும் அதைச் சார்ந்த பட்டறைகளும் வந்தபிறகுதான் ஊர் களை கட்டியது. அதே காலத்தில் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் போன்ற இடங்களில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குச் சிறு மனைகளை, குழாய், கழிவுநீர், தெரு ஆகியவற்றோடு போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கும் கடைக்கும் சிறு தொழிலுக்கும் அந்த வரைபடத்திலேயே இடம் விட்டிருந்தது. வீட்டை அவரவர் வசதிக்கேற்ப மெல்லக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அவை சாதாரண நடுத்தரக் குடியிருப்புகளாக இருக்கின்றன. ஏழைகளுக்காகப் போட்ட மனை என்று அடையாளம் சொல்லவே முடியாது. பிற்பாடு நாம் இந்த முறையைக் கைவிட்டு, நகர எல்லையில் எட்டு மாடி அடுக்ககங்களுக்குப் போய்விட்டோம்.

கூவம் கரையிலிருந்து வந்தவள் எழுதியது:

நான் தென்சென்னைப் புறநகரில் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருப்பவள். எந்தக் குடியிருப்பு என்பது இங்கே முக்கியமில்லை. ‘இனி நம் பக்கம் கட்டக் கூடாது’ என்ற வரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது உண்டு.

எங்களுக்கும் அதே கோரிக்கைதான், ஐயா. எங்களை இங்கே கொண்டுவரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் திட்டமிட்டவை 23,000க்கும் மேல். ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகையை ஓரிடத்தில் குவித்துவிட்டு, அதற்கு ஒரு ஊருக்குரிய சந்தையோ பேருந்து நிலையமோ முன்கூட்டியே போடவில்லை. வீடு முதலில், மற்றவை பின்னால் என்றார்கள். பின்னால் என்பது ஒரு பிள்ளை பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் அளவுக்கு நீளமாக இருந்தது.

என் தாயார் பூ வியாபாரம் செய்தவர். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பாரிமுனைப் பூக்கடைக்குப் போய் உதிரியாக வாங்கி வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டே விற்பார். வீட்டிலிருந்து கோயிலுக்கு ஏழு நிமிட நடை. இங்கே வந்த பிறகு முதல் பேருந்தைப் பிடித்தாலும் பூ வாங்கிக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது காலைக் கூட்டம் கலைந்துவிடும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் ஆக்கியது பெரிய உதவிதான். காசு மிச்சமாயிற்று, நேரம் மிச்சமாகவில்லை. குடியிருப்பின் வாசலிலேயே கூடையை வைத்துப் பார்த்தார். வாங்குவோர் எல்லோரும் எங்களைப் போன்றவர்களே, அதனால் முழம் பத்து ரூபாய்க்கு மேல் ஏறவில்லை. அங்கேயும் உட்காரக் கூடாது என்று சொல்லி எழுப்பினார்கள். மூன்றாம் மாதம் கூடையைக் கவிழ்த்து அலமாரி மேல் வைத்துவிட்டார். நான் ஒரு மென்பொருள் நிறுவன வளாகத்தில் துப்புரவு மேற்பார்வையாளராக இருப்பதால் குடும்பம் ஓடுகிறது. என் வேலை நேர்காணலில் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருந்தவரின் பேனா நின்றதை இன்னும் மறக்கவில்லை.

எனவே ‘கட்டக் கூடாது’ என்று எழுதுவதானால் காரணத்தைச் சரியாக எழுதுங்கள். நகரத்தின் நடுவே வேலை செய்கிறவர்களுக்கு நகரத்தின் நடுவிலேயே வீடு வேண்டும்; பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது அங்கே கூடுதல் வீடுகளைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட எங்களுக்கு, வேலை செய்ய இங்கேயே இடம் வேண்டும் என்றும் எழுதுங்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வியாபாரத் திட்டம் போட வேண்டும். மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் காட்ட வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறித்திருந்தால் என் தாயாரை எழுப்பியிருக்க முடியாது.

மேடவாக்கத்துக்காரன் எழுதியது:

உங்கள் பதிவைச் சங்கத்தின் குழுவில் அப்படியே பகிர்ந்தேன். இருவர் குழுவை விட்டு வெளியேறினார்கள். நால்வர், அந்த வரியை நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதச் சம்மதித்தார்கள். இப்போதைக்கு இதை வெற்றி என்றே வைத்துக்கொள்கிறேன்.

மருத்துவம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ‘போதுமான மருத்துவ வசதி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வெறும் வாயால் சொல்வது போல இருக்கிறது.

சமுதாயச் செவிலியர் எழுதியது:

எண் இல்லாமல் எழுதினால் அது வெறும் வாய்தான். நகர்ப்புறத்தில் 50,000 பேருக்கு ஒன்று, ஊரகப் பகுதியில் 30,000 பேருக்கு ஒன்று என்பதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான பொது அளவுகோல். பெரும்பாக்கத்தில் திட்டமிட்ட வீடுகள் அனைத்தும் நிரம்பி வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால்கூட, அந்தக் குடியிருப்பின் மக்கள்தொகை மட்டும் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். நகர அளவுகோலில் இரண்டு நிலையங்கள், ஊரக அளவுகோலில் மூன்று. சுற்றியுள்ள தனியார் அடுக்ககங்களை நான் இதில் சேர்க்கவே இல்லை.

சிக்கல் என்னவென்றால், நாட்டில் கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2011க்குரியது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு நிரம்பியவை. அரசுக் கோப்பில் 2011ஆம் ஆண்டின் எண்ணிக்கை இருக்கும்வரை உங்கள் பகுதி இன்னமும் பழைய கிராமமே. ஆகவே வேறு கணக்கைக் கொண்டுவர வேண்டும். நியாயவிலைக் கடைவாரியாகக் குடும்ப அட்டைகளின் எண்ணிக்கை, வாக்குச்சாவடிவாரியாக வாக்காளர் எண்ணிக்கை, ஓராண்டில் பதிவான கர்ப்பிணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் பெறுவது கடினம் என்பதால் அந்தப் பதிவேடு பெரும்பாலும் முழுமையாக இருக்கும். கள அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு பகுதியின் உண்மையான அளவைச் செவிலியரின் பதிவேட்டைப் போல வேறு எந்தக் கோப்பும் காட்டாது.

மருத்துவமனை என்றதும் எல்லோரும் கிண்டியில் 2023இல் திறந்த ஆயிரம் படுக்கை மருத்துவமனையைப் போன்ற ஒன்றைக் கேட்கிறார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது, பிரசவம் பார்க்கவும் இரவில் மருத்துவர் இருக்கவும் கூடிய நிலையம். அதையே கேளுங்கள், கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

சாலைப் பொறியாளர் எழுதியது:

சாலையை அகலப்படுத்தக் கேட்கும் முன் யோசிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பது அதன் முன்னுள்ள சாலையின் அகலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரு மடங்கு தளம் கட்டலாம். உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை, அதை முழுமையாகப் பெறச் சாலை 18 மீட்டர், ஏறத்தாழ அறுபது அடி, இருக்க வேண்டும். எனவே அறுபது அடிச் சாலை கேட்கிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அதன் இருபுறமும் உயரமான கட்டடங்களையும் சேர்த்தே கேட்கிறார். நெரிசல் குறைவதற்காக விரித்த சாலையில் பத்து ஆண்டில் இரு மடங்கு வாகனம் நிற்பதற்கு இதுவும் காரணம். 2008இல் ஆறு வழியாகத் திறந்த ராஜீவ் காந்தி சாலையின், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையின், கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தோன்றுவது இது. பெரிய சாலை ஒன்றைக் கேட்பதற்குப் பதிலாக, முட்டுச் சந்துகளை இணைக்கும் சிறு சாலைகள் நான்கைந்தைக் கேளுங்கள். புறநகரில் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியே போடப்பட்டதால், பக்கத்து நகரின் கடைசித் தெருவுக்குப் போக வேண்டுமானாலும் பிரதான சாலைக்கு வந்து சுற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு மதில் சுவர் மட்டும் நிற்கும். அந்தச் சுவர்களின் பட்டியலே உங்கள் சாலைக் கோரிக்கை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் மெட்ரோ ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது; நிலையத்துக்கு நடந்துபோகும் வழிகளை இப்போதே குறிக்காவிட்டால், நிலையத்தை எதிரில் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

தண்ணீரை மறக்க வேண்டாம். தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. 2015இலும் 2023 டிசம்பரிலும் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சுவரில் உள்ள கறையை அளந்து எழுதுங்கள். சாலையை உயர்த்துவதாக இருந்தால் அதன் குறுக்கே போகும் சிறுபாலங்களின் அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆய்வு முடியும்வரை அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணையிட்டது. மனை வைத்திருப்பவர்களின் வருத்தம் புரிகிறது. அந்தத் தடையை 2008ஆம் ஆண்டின் திட்ட வரைபடமே காட்டியிருந்தால் அவர்கள் அங்கே மனை வாங்கியிருக்கமாட்டார்கள்.

பழைய வரைவாளர் எழுதியது:

பொறியாளர் சொன்ன மதில் சுவர்ப் பட்டியல் அருமையான யோசனை. ஆனால் அவ்வளவு நுணுக்கம் முழுமைத் திட்டத்தில் ஏறாது. அதன் அளவுகோலில் உங்கள் தெரு ஒரு கோடாகக்கூடத் தெரியாது. அதற்கென்று, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாக வரையும் விரிவு வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. முழுமைத் திட்டத்துக்கான மனுவில், எங்கள் பகுதிக்கு விரிவு வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், அதற்குக் கால வரம்பு வேண்டும் என்று கேளுங்கள். சுவர்ப் பட்டியலை இணைப்பாக வையுங்கள்.

பெரிய சாலையே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஆம்புலன்சும் பேருந்தும் திரும்ப முடியாத தெருக்களை இணைத்து என்ன பயன்? பேருந்து போகக்கூடிய ஒரு குறுக்குச் சாலையாவது கேட்க வேண்டும்.

மேடவாக்கத்துக்காரன் எழுதியது:

முப்பத்தேழு கோரிக்கைகளை ஆறாகச் சுருக்கிவிட்டேன். மருத்துவப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘இணைப்பில் கண்டுள்ள குடும்ப அட்டைகள், வாக்காளர்கள், கர்ப்பிணிப் பதிவுகள் ஆகியவற்றின் எண்ணிக்கைப்படி இப்பகுதியின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கைவிடப் பல மடங்கு உயர்ந்துள்ளது. எனவே, இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ வசதியுடன் கூடிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்காக, இணைப்பில் சர்வே எண்ணுடன் குறிப்பிட்டுள்ள, நீர்நிலை அல்லாத அரசுப் புறம்போக்கு நிலத்தைப் பொது உபயோக மண்டலமாக வகைப்படுத்துமாறும், இனி இப்பகுதியில் வழங்கும் பெரிய குடியிருப்பு அனுமதிகளின் உள்கட்டமைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை இந்த நிலையத்துக்கும் அதற்குச் செல்லும் சாலைக்கும் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.’

பழைய வரைவாளர் எழுதியது:

‘பல மடங்கு’ என்பதை எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. வரைவுத் திட்டம் வெளியானபின் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டப்படி இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நேரில் கேட்கப்பட வேண்டும் என்று எழுதிக் கேட்பவருக்கு அந்த வாய்ப்பையும் தர வேண்டும். கடைசி வரியாக அதைக் கட்டாயம் சேருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மனுவை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாக நிறைவேற்றி நகலை இணைக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதிகக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

கூவம் கரையிலிருந்து வந்தவள் எழுதியது:

மனுவில் எங்கள் குடியிருப்பிலிருந்தும் கையெழுத்துப் போட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எங்கள் தளத்தில் மட்டும் பதினாறு வீடு. ஞாயிற்றுக்கிழமை வருவதானால் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், ஐயா. அதற்கு முன் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.